புளி இரவல் கேட்கும் ஊர்

“…கேட்டு வர்ற வூட்டைப் பத்தி எனக்குக் கவலையே கெடையாதுங்க. கேட்டு வராத வூட்டைத்தான் நான்…” என்று சொல்லிக்கொண்டிருந்த சகாயமேரி அக்கா, பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வேலிப் பக்கம் பார்த்தார். புதன்கிழமை காலை ஏழு மணி. நான் ஊருக்குக் கிளம்பப் பையைக் கட்டி வைத்தாயிற்று. அவர் அங்கே எதைப் பார்த்தார், அடுத்து என்ன செய்தார் என்று சொல்ல வேண்டுமானால் திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டும். வாருங்கள், போவோம்.

நான் ஆத்தூரில் துணி தைக்கிறவள். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மீதியைப் பொட்டலம் மடித்து வந்த காகிதத்திலும் மனிதர் வாயிலும் படித்துக்கொண்டேன். என் அளவு நோட்டில் முன்பக்கமெல்லாம் தோளும் இடுப்பும். பின்பக்கமெல்லாம் யாராவது சொன்ன நல்ல பேச்சு. அப்படிப்பட்டவளிடம் எதிர்வீட்டு லூர்து வந்து, “எங்கக்கா கவர்மெண்டுக்குப் புத்தி சொல்லப் போறாங்க, பாக்கப் போறீங்களா?” என்று கேட்டால் மிஷினை மூடி வைக்காமல் என்ன செய்வேன்?

விஷயம் இதுதான். வீட்டுக்குள் நடக்கிற அடி உதையிலிருந்து பெண்களையும் பிள்ளைகளையும் எப்படிக் காப்பாற்றுவது என்று யோசனை கேட்க, மெட்ராஸிலிருந்து அதிகாரிகள் தர்மபுரிக்கு வருகிறார்கள். அனுபவமுள்ள கிராமத்தாரும் வந்து சொல்லலாம் என்று அறிவிப்பு. லூர்துவின் அக்கா சகாயமேரியும் அவர் ஊர்ப் பெண்களும் போகிறார்கள். எண்பதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம் அது.

திங்கட்கிழமை, காலை ஒன்பதரை. சேலத்தில் தர்மபுரி பஸ் ஏறினேன். அறுபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஆறரை ரூபாய். தொப்பூர் மலைப்பாதையில் எங்களுக்கு முன்னால் இரும்பு ஏற்றிய லாரி ஒன்று முக்கி முக்கி ஏறியது. பின்னால் எங்கள் டிரைவரும் முக்கினார். “லாரிக்கு நீங்க ஏங்க முக்கறீங்க?” என்றேன். “பொறகால உருண்டு வந்தா மொதல்ல நசுங்கறது நான்தானுங்களே” என்றார். நோட்டை எடுத்தேன்.

பகல் பன்னிரண்டு. தர்மபுரியில் ஒகேனக்கல் பஸ். இண்டூருக்கு ஒன்றரை ரூபாய். பஸ் நிறைய அருவிக்குக் குளிக்கப் போகிறவர்கள், மடியில் எண்ணெய்ப் புட்டியோடு. கண்டக்டர் என்னைப் பார்த்து, “இண்டூருங்களா? உக்காந்திருக்கறவங்கல்லாம் கடைசி வரைக்கும் போறவங்க. நீங்க நின்னு பழகிக்குங்க” என்றார். நின்றேன். எண்ணெய் வாசனைக்குக் காசு கேட்கவில்லை.

இண்டூரில் இறங்கி மேற்கே ஒன்றரை மைல் நடை. புளி உலுக்கும் பருவம். பாறை, கூரை, சாக்கு, பழைய புடவை என்று எங்கே பார்த்தாலும் புளி காய்ந்துகொண்டிருந்தது. நாக்கில் எச்சில் ஊறாமல் அந்த ஊருக்குள் நுழைய முடியாது.

சகாயமேரி அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். சுவரில் மாதா படம், வாசலில் நிலக்கடலை மூட்டை, வாயில் எப்போதும் வெற்றிலை. புருஷன் ஓசூர் கம்பெனியில் வாட்ச்மேன், வாரத்துக்கு ஒருமுறை வருவார். நான் போய் உட்கார்ந்த அரைமணி நேரத்தில் மூன்று பெண்கள் கிண்ணத்தோடு வந்து புளி இரவல் கேட்டார்கள். மூன்றாவதாக வந்த முனியம்மாவின் தலைமுடியிலேயே புளியம்பழ நார் ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஏனுங்கக்கா, அவங்கவங்க வாசல்ல மூட்டை மூட்டையாப் புளி வெச்சுக்கிட்டு எதுக்கு இரவல்?” என்று கேட்டேன்.

“புளிக்கா வர்றாங்க? வூட்டுக்கு வர்றாங்க” என்றார் அக்கா.

பிறகு விளக்கினார். அந்தத் தெருவில் எட்டு வீடு. சண்டை இல்லாத நாளிலும் இப்படிக் கேட்டுப் போய் வருவார்கள். எந்த வீட்டிலாவது ஆம்பிளைக் குரல் ஏறினால், பக்கத்து வீட்டுக்காரி கிண்ணத்தோடு போவாள். “அண்ணா, துளி புளி.” அவள் எழுந்திருப்பதற்குள் அடுத்தவள். “உப்பு இருக்குதுங்களா?” அதற்குள் மூன்றாமவள். சண்டையைப் பற்றி ஒருத்தியும் வாய் திறக்கமாட்டாள். வாங்கியதும் போகவும் மாட்டாள். குந்திக்கொண்டு மழை பேசுவாள், மாடு பேசுவாள்.

“கேக்க வந்தவ முன்னாடி கை ஓங்கினா ஆம்பளைக்கு அசிங்கம். நாங்க நாயம் பேசப் போனா, ‘என் பொண்டாட்டி, நீ யாரு’ம்பான். புளி கேக்கறவளை என்ன சொல்லுவான்?” என்றார் முனியம்மா. “எங்க வூட்டுக்காரரு ஒரு தடவை, ‘புளிப்பானையையே எடுத்துக்கிட்டுப் போங்கடி, நான் அடிக்கலை’ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு.”

சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் மூலையில் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். ராணி, ஏழு வயது. இடது கையில் மாவுக்கட்டு. வலது கையால் மட்டும் புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற காவேரியின் மகள். தை மாதம் அப்பன் அடித்ததில் எலும்பு முறிந்தது. காவேரியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். போலீஸ் வழக்கு இருக்கிறது. ஆள் போர்வெல் லாரியோடு ஆந்திரா பக்கம் போய்விட்டான். பிள்ளை அந்த வீட்டுக்குள் கால் வைக்கப் பயப்படுவதால் இங்கே இருக்கிறாள்.

“இவளை வெளி மாவட்டத்து விடுதிக்கு அனுப்பறதுக்கு ஃபைல் போட்டிருக்காங்க” என்றார் அக்கா, குரலைத் தாழ்த்தி. “நாளைக்குக் கூட்டத்துல இருப்பாரே நல அதிகாரி, அவரு கையெழுத்துதான் பாக்கி. அதைத் தடுக்கத்தான் போறோம். புத்தி சொல்றதெல்லாம் அப்பறம்.”

சாயங்காலம் காவேரி வந்தாள். மெலிந்த பெண். வேலி ஓரமாக நின்று மகளின் தலையை வாரிவிட்டாள். அக்கா சாப்பிடக் கூப்பிட்டதற்கு வேண்டாமென்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். எதையும் கேட்கவில்லை. அக்கா அவள் போன திக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால். கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் ஒரு ஹால். மெட்ராஸிலிருந்து வந்த குழுவுக்குத் தலைமை ஒரு அம்மா; கண்ணாடி, கதர்ப் புடவை. பக்கத்தில் நம் நல அதிகாரி. எதிரே பெஞ்சில் சகாயமேரி, முனியம்மா, காவேரி, இன்னும் நான்கு பேர், ஓரத்தில் நான். ராணி மடிக்கு மடி மாறிக்கொண்டிருந்தாள்.

முதல் யோசனையை அதிகாரி படித்தார். பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் புகார்ப் பெட்டி வைப்பது.

“பொட்டியில சீட்டுப் போடப் போறவளை ஊரே பாக்குமேங்க. ராத்திரிச் சோத்துக்கு அவ அதே வூட்டுக்குத்தான போகணும்?” என்றார் முனியம்மா. தலைமை அம்மா எழுதிக்கொண்டார்.

அடுத்து ராணியின் கோப்பு. அதைக் காணோம். எடுத்துவர வேண்டிய குமாஸ்தா வேறு கட்டைத் தூக்கி வந்துவிட்டார். ஐம்பது வயது மனுஷர், காதோரம் நரை. அதிகாரி பிடித்துக்கொண்டார். “அறிவிருக்காய்யா உனக்கு? மெட்ராஸ்காரங்க முன்னாடி மானத்தை வாங்கறியா?” குரல் ஏறிக்கொண்டே போனது. கையும் மேசை மேல் ஓங்கி விழுந்தது.

அவ்வளவுதான். முனியம்மா எழுந்தார். நேராக மேசைக்குப் போய், “சார், அந்தப் பேனாவைச் செத்த குடுங்களேன்” என்றார். அதிகாரி திகைத்து நீட்டினார். அதற்குள் இன்னொரு பெண். “சார், குடிக்கத் தண்ணி இருக்குதுங்களா?” மூன்றாமவர் சகாயமேரி. “ஒரு துண்டுக் காயிதம் இருந்தாக் குடுங்க சார், புண்ணியமாப் போகும்.” மேசையைச் சுற்றி மூன்று பேரும் நகராமல் நின்றார்கள். “வெளிய வெயில் இப்பவே என்னமா அடிக்குதுங்க” என்றார் முனியம்மா, பேனாவைப் பிடித்துக்கொண்டு.

அதிகாரி தண்ணீர் டம்ளரை நகர்த்தினார், காகிதம் கிழித்துக் கொடுத்தார். எதற்காகக் கத்தினோம் என்பதே அவருக்கு மறந்துபோனது மாதிரி இருந்தது. குமாஸ்தா சத்தமில்லாமல் நழுவிப்போய் சரியான கோப்போடு திரும்பினார்.

“எதுக்கும்மா பேனா? எழுதப் போறீங்களா?” என்று கேட்டார் தலைமை அம்மா.

முனியம்மா அப்போதுதான் கையைப் பார்த்தார். “அய்யய்யோ, எனக்கு எழுதத் தெரியாதுங்கம்மா. ஐயா கத்தினாரா, பழக்க தோசத்துல எந்திரிச்சுட்டோம்.”

அரசாங்கக் கூட்டத்தில் அதிகாரியை அடக்கிவிட்டார்களே, கோபத்தில் பிள்ளையை விடுதிக்கு அனுப்பக் கையெழுத்துப் போட்டுவிடுவாரே என்று நினைத்தேன். தலைமை அம்மா மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “என்ன பழக்கம், சொல்லுங்க” என்றார். சகாயமேரி அக்கா ஆரம்பத்திலிருந்து சொன்னார். எட்டு வீடு, கிண்ணம், புளி.

கேட்டு முடித்த அதிகாரி முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். கோபமாக இல்லை, நியாயமாகவே கேட்டார். “நல்ல வழக்கம்தாம்மா. ஒத்துக்கறேன், இப்பத்தான் நானே பட்டேன். ஆனா எட்டு வீட்டுக்கு நடுவுல இந்தப் பொண்ணு கை எப்படி ஒடஞ்சுது?”

காவேரி தலையைக் குனிந்துகொண்டாள். சகாயமேரி அக்கா எழுந்தார்.

“தப்பு எங்க மேலதானுங்க. தீவாளிக்கப்பறம் காவேரி யார் வூட்டுக்கும் எதுவும் கேட்டு வரலை. புருசன் நாலு காசு பாத்து எவர்சில்வர் பானையா வாங்கி அடுக்கியிருந்தான். ‘பாத்திரம் மினுமினுக்குது, இனிமே நம்மகிட்ட எதுக்கு வருவா’ன்னு நாங்க மொகத்தைத் திருப்பிக்கிட்டோம். படி தாண்டக் கூடாதுன்னு அவன் சொல்லி வெச்சிருந்தது பொறவுதான் தெரிஞ்சுது. அன்னிக்கு சத்தம் கேட்டுது சார். எல்லாருக்கும் கேட்டுது. நாம ஏன் மொதல்ல போகணும்னு ரோசம். அந்த ரோசத்துல நின்ன நேரத்துலதான் புள்ள கை போச்சு.”

பிறகு தலைமை அம்மா பக்கம் திரும்பினார். “அதனால இதை எழுதிக்குங்கம்மா. சத்தம் வர்ற வூடு எல்லாருக்கும் தெரியும். சத்தமே இல்லாம, யார் வூட்டுக்கும் போகாம வராம ஒருத்தி இருந்தா, அவ வூட்டுக்குப் போயிப் பாருங்க. நர்சம்மா வர்றாங்க, வாத்தியார் இருக்காரு, அவங்ககிட்டயும் சொல்லி வெய்யுங்க. அப்பறம், அடிச்சது அப்பன். ஊரை விட்டுப் போறது புள்ளையாங்க?”

தலைமை அம்மா வெகுநேரம் எழுதினார். பிறகு காவேரியைக் கேட்டார்: “உனக்கு என்னம்மா இஷ்டம்?”

“நடுவுல ஒரு வேலிதாங்கம்மா இருக்குது” என்றாள் காவேரி. அன்றைக்கு அவள் பேசியது அது ஒன்றுதான்.

பகல் ஒன்றரைக்குக் கையெழுத்தானது. ராணி சகாயமேரி வீட்டில் இருக்கலாம். அதிகாரி மாதம் ஒருமுறை வந்து பார்ப்பார். அப்பன் தலை தெரிந்தால் உடனே ஸ்டேஷனுக்குச் சேதி போக வேண்டும். அதிகாரி எழுத்தில் கொடுக்காமல் பிள்ளையை யாரும் கொண்டுபோகக் கூடாது. பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டே, “நான் வரும்போது என்ன இரவல் கேட்டு வரட்டும்?” என்றார் அதிகாரி.

“காப்பித்தூள் மட்டும் கேட்டுடாதீங்க சார், எட்டு வூட்லயும் இல்லை” என்றார் முனியம்மா. குமாஸ்தாதான் முதலில் சிரித்தார்.

திரும்பும் பஸ்ஸிலும் உட்கார இடமில்லை. யாருக்கும் அது தெரியவில்லை. முனியம்மா கம்பியைப் பிடித்தபடி, “இப்பதாங்க மூச்சு மூக்கு வழியா வருது, ரெண்டு மாசமா நெஞ்சுலயே குந்தியிருந்துச்சு” என்றார். ராணி காவேரியின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். மாவுக்கட்டுக் கை கண்டக்டர் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. அவரும் முதுகைக் கொடுத்தபடியே டிக்கெட் கிழித்தார்.

புதன்கிழமை. எட்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும். ஆத்தூரில் என் தெருவை நினைத்துக்கொண்டேன். அங்கே யாரும் யாரிடமும் எதுவும் இரவல் கேட்பதில்லை. எல்லோருக்கும் வசதி வந்துவிட்டது என்று இத்தனை நாள் சந்தோஷப்பட்டிருந்தேன். இந்த வருஷம் என் வாசலுக்கு வராதவர்கள் யார் யார் என்று விரல் விட்டு எண்ணினேன், விரல் போதவில்லை. போனதும் முதல் வேலையாக எதிர்வரிசையில் ஒரு வீட்டுக்கு நூல்கண்டு கேட்டுப் போக வேண்டும். இதை அக்காவிடம் சொன்னேன். அதற்குத்தான் அவர், “கேட்டு வர்ற வூட்டைப் பத்தி எனக்குக் கவலையே கெடையாதுங்க” என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, வேலிப் பக்கம் பார்த்தார்.

காவேரி நின்றுகொண்டிருந்தாள். கையில் கிண்ணம்.

“அக்கா, கொட்டப்பாக்கு அளவு புளி இருக்குதுங்களா?”

அவளுக்குப் பின்னால், அவள் வாசலில், இரண்டு சாக்கு நிறையப் புளி வெயிலுக்குச் சிவந்து கிடந்தது.

அக்கா எழுந்தார். உள்ளே போய் இரண்டு கையாலும் அள்ளி வந்து கிண்ணத்தில் வைத்து அமுக்கினார். காவேரி திரும்பினாள். “இரு புள்ள, எங்க வூட்டுல உப்பு தீந்துபோச்சு” என்றார் அக்கா. முந்தின நாள்தான் உப்பு ஜாடியை நான் வாய் வரை நிரப்பி வைத்திருந்தேன். அடுப்படியிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, நான்கு மாதமாகத் தன் கால் படாத அந்த வாசலுக்குக் காவேரியின் பின்னாலேயே நடந்தார்.