மண்டபத்துக்கு வெளியே இரண்டு அம்மாமார்

நான் தேசிய மகளிர் சதுரங்கச் சம்பியனான கதையை யாராவது கேட்டால், விளையாட்டில்தான் தொடங்குவேன். கொஞ்ச நேரத்தில் அம்மாவிடம் வந்து நிற்பேன்.

யாழ்ப்பாணத்துக் குருநகரில் எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். அப்பா கடல் தொழிலுக்குப் போவார். அம்மா சந்தையில் மீன் விற்பார். மழையால் வலைப்பந்துப் பயிற்சி நின்றுபோன ஒரு பின்னேரம், பள்ளிக்கூட மண்டபத்தில் சதுரங்கம் பழகினேன். அதன்பிறகு வலைப்பந்துப் பக்கம் போகவேயில்லை. மாவட்டம், மாகாணம் என்று வென்று, உயர்தரம் படிக்கும்போது தேசியப் போட்டிக்காகக் கொழும்புக்குப் போக வேண்டி வந்தது. அப்பா கடலை விட்டு வரமுடியாது. அம்மாதான் துணைக்கு வந்தார். குதிரை எப்படிப் பாயும் என்றுகூட அவருக்குத் தெரியாது.

போட்டி மண்டபத்துக்குள் பெற்றோரை விடமாட்டார்கள். அம்மா வெளியே மாமரத்தடியில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருப்பார். முதல் நாளே பக்கத்தில் ஒரு சிங்கள அம்மா வந்து இருந்தார். தெற்கே காலி நகரிலிருந்து மகளோடு வந்தவர். அந்த மகளுக்கு என் வயதுதான். அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் 'அக்கா' இரண்டு மொழியிலும் அக்காதானே. அதை வைத்துக்கொண்டே பழகிவிட்டார்கள். அம்மா பாணும் இறால் பொரியலும் நீட்டினார். அவர் தயிரும் அதன்மேல் ஊற்றக் கித்துள் பாணியும் கொடுத்தார். சுற்று முடிந்து நான் வெளியே வரும்போதெல்லாம் இருவரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

"என்னம்மா கதைக்கிறியள்?" என்று கேட்டேன்.

"அவவின்ரை மனுசனுக்கு முழங்கால் வருத்தமாம்."

"அது உங்களுக்கு எப்பிடி விளங்கினது?"

"நொண்டிக் காட்டினவ," என்றார் அம்மா.

அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே வாங்கில் அவர்கள் சந்தித்தார்கள். நானும் அந்தப் பெண்ணும் மட்டும் அதிகம் கதைப்பதில்லை. ஒருவரையொருவர் வெல்ல நினைப்பவர்களுக்கு என்ன கதை?

கடைசியில் ஓர் ஆண்டு, இறுதிச் சுற்றில் நாங்கள் இருவரும் எதிரெதிரே இருந்தோம். வெல்பவருக்குத்தான் பட்டம். பாதி ஆட்டம்வரை அவளுடைய கைதான் ஓங்கியிருந்தது. பிறகு நேரம் நெருக்க, அவள் அவசரப்பட்டு, என் சிப்பாயை மறித்து நின்ற யானையை நகர்த்தி என் ராஜாவுக்குச் செக் வைத்தாள். நான் ராஜாவை ஒதுக்கினேன். அந்தச் சிப்பாய் ராணியாவதை மறிக்க அவளிடம் இனி ஒன்றுமில்லை. கை குலுக்கிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே ஓடினாள்.

முடிவுத் தாளில் கையெழுத்து வைத்துவிட்டு நானும் ஓடினேன். மாமரத்தடியில் அவள் விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தாள். அவளை மடியில் சாய்த்துத் தலையைத் தடவிக்கொண்டிருந்தது என்ரை அம்மா.

"அம்மா, வெண்டிட்டன்!"

"ஓம், தெரியும். மெல்லக் கதை பிள்ளை," என்றார் அம்மா, தலையை நிமிர்த்தாமலே.

எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. எத்தனை வருச உழைப்பு! அப்போது அந்த மற்ற அம்மா எழுந்து வந்து, என்னைக் கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தமிட்டுக் கொஞ்சினார். அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது. அந்தத் தோளில் நானும் அழுதேன், ஏனென்று தெரியாமலே.

யாழ்ப்பாணம் வரும் பஸ்ஸில் அம்மா வெற்றிக் கிண்ணத்தை மேல்தட்டில் வைக்க விடவில்லை. வழிநெடுக மடியில் வைத்திருந்தார். "மகள் இலங்கையிலையே முதலாவது," என்று கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொன்னார்.

மறு ஆண்டு அவள் என்னை வென்றாள். பிறகு ஒரே அணியில் வெளிநாடு போய், இருவரும் தோற்றுத் தோற்றே சிநேகிதிகளானோம். பல்கலைக்கழகம், வேலை, கலியாணம் என்று வந்தபின் போட்டிகளுக்குப் போவதை விட்டுவிட்டேன். அந்த நாட்களில் மூளை எவ்வளவு கூர்மையாக இருந்தது என்று நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

போன வருடம் தாயும் மகளும் நயினாதீவு விகாரைக்கு யாத்திரை வந்து எங்கள் வீட்டில் தங்கினார்கள். நானும் அவளும் பலகையை விரித்து நாலைந்து காய் நகர்த்தியிருப்போம். அம்மாமார் இருவரும் கூடையோடு மீன் சந்தைக்குப் புறப்படுவதைக் கண்டதும் அதை அப்படியே விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினோம்.