இஷாக் பாயின் பத்தாவது மீட்டர்

இஷாக் பாய் கை வைத்த எந்தப் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே ஒரு மஞ்சள் மீட்டர் குடியிருக்கும், அதைப் பிடுங்கினால் மெஷினே படுத்துவிடும் என்று ஒட்டன்சத்திரத்து ஐஸ் பாக்டரிக்காரர் சொன்னாராம். கீரனூருக்குப் பால் ஏற்ற வரும் டேங்கர் டிரைவர் கண்ணன் இதை அங்கே பால் நிலையம் வைத்திருக்கும் பொன்னழகுவிடம் சொன்னபோது தன் சரக்கையும் கொஞ்சம் சேர்த்தார். “அதுக்குள்ள என்னமோ மந்திரிச்சு வச்சிருக்காருங்களாம், அக்கா.”

மந்திரமும் இல்லை, தாயத்தும் இல்லை. வெறும் மறதி.

பாய்க்கு வீடு திண்டுக்கல் நாகல் நகரில். வயது ஐம்பத்தெட்டு. மில், தோல் பதனிடும் ஷாப், ஐஸ் பாக்டரி என்று எங்கெல்லாம் சூட்டையும் அழுத்தத்தையும் தண்ணீர் மட்டத்தையும் அளக்க சென்சார் வைக்கிறார்களோ, அங்கெல்லாம் போய், அந்த சென்சாரை அளவு எழுதிக்கொள்ளும் லாகர் பெட்டியோடு வயர் போட்டுச் சேர்த்துவைப்பது தொழில். மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் ரெசிஸ்டர்களைப் பஞ்சு சுற்றிப் பத்திரமாக வைத்திருப்பார். கண்ணாடி சட்டைப்பையில் சாவியோடு உரசிக்கொண்டு கிடக்கும். அதனால் அவருக்கு உலகம் எப்போதும் லேசாகக் கீறல் விழுந்துதான் தெரியும். வயரின் நிறம் சந்தேகமாக இருந்தால் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கல்யாணப் புடவை எடுப்பவர்போல் விரித்துப் பார்ப்பார்.

யாராவது இது என்ன வேலை என்று கேட்டுவிட்டால் போதும், வேலை நின்றுவிடும். “இது நாலு-இருபது லூப்பு, நாலு மில்லி ஆம்பியர்ல இருந்து இருபது வரைக்கும் கரண்டு சுத்தி ஓடுற வழி. பழனி பாயிண்ட் டு பாயிண்ட் பஸ்ஸு மாதிரின்னு வச்சுக்கங்க. ஏறுன ஆளு அம்புட்டு பேரும் எறங்கியாகணும். ரோடு குண்டும் குழியுமா கெடந்தாலும் தலை கொறையாது. சென்சார் அஞ்சு மில்லி அனுப்புனா, கடைசி வரைக்கும் அஞ்சுதான்.”

“அப்ப ஏன் சைபர்ல ஆரம்பிக்காம நாலுல ஆரம்பிக்குது?”

“நாலுங்கிறது ‘உள்ளேன் ஐயா’. சைபர்னா பையன் பள்ளிக்கூடத்துக்கே வரலைன்னு அர்த்தம்.”

லாகர் பெட்டியின் வாயில் ஒரு ரெசிஸ்டரைக் குறுக்கே முடுக்கும்போது அதையும் அறிமுகப்படுத்தி வைப்பார். “பெட்டிக்கு வோல்ட்டு மட்டுந்தான் வெளங்கும், மில்லி வெளங்காது. நடுவுல நின்னு பேச ஒரு ஆளு வேணுமில்ல? இவருதான்.”

எல்லாம் முடிந்ததும் லூப்பை ஓர் இடத்தில் வெட்டி, அந்த இடைவெளியில் மீட்டரைப் பாலமாக மாட்டி, ஓடுகிற மில்லியைப் பார்ப்பார். அங்கேதான் வினை. எண் சரியாக வந்துவிட்டால் அவர் முகம் மலர்ந்துவிடும். அந்த நேரம் பார்த்து யாராவது டீ கொண்டுவருவார்கள். மீட்டரோ செத்த நேரத்தில் தானாகத் திரையை அணைத்துக்கொண்டு இருட்டோடு இருட்டாகிவிடும். ஆனாலும் அதன் வழியாக ஓட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். பாய் டீ குடிப்பார், கதவைச் சாத்துவார், சலாம் சொல்லிக் கிளம்பிவிடுவார்.

இப்படிப் போனவை ஒன்பது. வேடசந்தூர்ப் பக்கத்து மில் ஒன்றில், ஆயுத பூஜைக்கு மெஷின்களோடு சேர்த்து பாயின் மீட்டருக்கும் சந்தனப் பொட்டு வைக்கிறார்கள். அவர் மனைவி சர்புன்னிசாவுக்கு இது பொறுக்கவில்லை. “பெத்த புள்ளைய அடுத்த தெருவுல கட்டிக் குடுத்தேன். நீங்க என்னடான்னா மீட்டரை ஊரு ஊரா கட்டிக் குடுத்துட்டு வாரீங்க.” பத்தாவது மீட்டர் வாங்கியபோது தையல் மெஷினில் கிடந்த சிவப்பு நாடாவை எடுத்து ஒரு முனையை மீட்டரிலும் மறு முனையை பாயின் சட்டைப் பொத்தானிலும் கட்டிவிட்டார். “இப்பப் போட்டுட்டு வாங்க பாப்போம்.”

போட்டுவிட்டு வந்தார்.

கீரனூரில் பொன்னழகு பால் குளிரூட்டும் நிலையம் நடத்துகிறார். அறுபது வீட்டுப் பால் அங்கே வந்து சேர்கிறது. ஒரு பெரிய கம்பெனி பாலை வாங்கிக்கொள்ள முன்வந்து ஒரு நிபந்தனை வைத்தது. தொட்டியின் குளிர் ஏழு நாள் இடைவிடாமல் பதிவாகியிருக்க வேண்டும். நடுவே ஒரு நொடி பதிவுக் கோடு அறுந்தாலும் அடுத்த ஊர் நிலையத்துக்குப் போய்விடுவார்கள். பாய் வந்து வயர் போட்டார். மீட்டர் ஐந்தேகால் மில்லி காட்டியது. பாங்கு சத்தம் கேட்டது. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளூ செய்யச் சட்டைக் கையை மடித்தவர், நாடா நனையக் கூடாதே என்று பொத்தானிலிருந்து அவிழ்த்தார். தொழுதார், பொன்னழகு போட்ட சோற்றைச் சாப்பிட்டார், பஸ் ஏறினார். ஒட்டன்சத்திரம் வந்தபோது கை தற்செயலாக நெஞ்சைத் தடவியது. பொத்தான் மட்டும் இருந்தது.

அதற்குள் ஸ்வீடனிலிருந்து பொன்னழகுவின் தம்பி செழியன் பதிவை முடுக்கிவிட்டிருந்தார். அவர் பனியில் உட்கார்ந்துகொண்டு கீரனூர்த் தொட்டியின் கோட்டை போனில் பார்த்துக்கொண்டே இருப்பவர். காலையில் கறந்த பால் விழுந்து கோடு கொஞ்சம் மேலே ஏறினால் போதும், அக்காவுக்கு ஒரு அழைப்பு, பாய்க்கு ஒரு அழைப்பு. எடுக்கவில்லையென்றால் எடுக்கும்வரை அழைப்பு. “கோடு லேசா நெளியுற மாதிரி இருக்கே பாய்?” “பாலு சூடாத்தான தம்பி மடியில இருந்து வரும்? ஐஸாவா வரும்?”

ஆறாம் நாள் கம்பெனியிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. மறுநாள் காலை வந்து பெட்டிக்கு சீல் வைப்பார்களாம். உள்ளே வேறு சாமான் எதுவும் இருக்கக் கூடாதாம்.

மீட்டர் இருந்தால் நிலையம் தள்ளுபடி. பிடுங்கினால் கோடு சைபருக்கு விழும், அப்போதும் தள்ளுபடி. பொன்னழகு அழாத குறையாகப் போன் செய்தார். பாய் மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு முழ வயர், இரண்டு முனையிலும் பல் வைத்த கிளிப்.

“இம்புட்டுதானுங்களா?” என்றார் பொன்னழகு.

“இம்புட்டுதான். மீட்டரைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஓட்டத்துக்கு இன்னொரு வழி காட்டிரணும். வழி இருந்தா அது அறாது, தங்கச்சி.”

“இது தெரிஞ்சும் ஒம்போது மீட்டரை விட்டுப்போட்டு வந்தீங்களா? ஏனுங்க பாய்!”

பாய் காதைச் சொறிந்தார். “கழட்டப் போவேன். ‘பாய் மீட்டரு உள்ள இருக்கு, பயமில்லை’ன்னு நிம்மதியா உக்காந்திருப்பாங்க. அதப் பாத்துட்டு எப்படிக் கேக்குறது? டீயைக் குடிச்சிட்டு வந்துருவேன்.”

கண்ணாடியை வேட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டார். பிஸ்மி சொன்னார். மீட்டரின் இந்தப் பக்கத்து வயர் முனையில் ஒரு கிளிப்பைக் கடிக்க வைத்தார். அந்தப் பக்கத்தில் இன்னொன்று. பொன்னழகு லாகர் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. மீட்டரின் சிவப்பு வயர் முள்ளைக் கழற்ற பாய் விரலை வைத்த நேரத்தில் அவர் சட்டைப்பையில் போன் அலறியது.

“தம்பிதானுங்க. நீங்க வந்ததை வாய் தவறிச் சொல்லிப்போட்டேன். எடுக்கட்டுங்களா?” என்றார் பொன்னழகு.

“வேணாம். எடுத்தா அவரு பயப்படுவாரு. அவரு பயந்தா என் கை ஆடும்.”

சிவப்பு முள் வந்தது. கறுப்பு முள் வந்தது. மீட்டர் பாயின் மடியில் விழுந்தது. திரையில் கோடு போய்க்கொண்டே இருந்தது. பக்கத்தில் ஒன்று நடந்ததே அதற்குத் தெரியாது. போன் ஒருமுறை ஓய்ந்து மறுபடி ஆரம்பித்தது. பாய் வயர் முனைகள் இரண்டையும் ஒரே கனெக்டரில் நுழைத்து முடுக்கினார், இழுத்துப் பார்த்தார், கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்தார். கோடு போய்க்கொண்டிருந்தது. பொன்னழகு வாயில் வைத்திருந்த சேலைத் தலைப்பை எடுத்துவிட்டு, டீ போட உள்ளே ஓடினார்.

“டீ அப்புறம், தங்கச்சி!” என்று பாய் பதறிக் கத்தினார்.

சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பைக்கு மேலே இருந்த பொத்தானில், தலையைக் குனிந்து, பாய் மீட்டரில் தொங்கிய சிவப்பு நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு முடிச்சு. யோசித்து, அதன்மேல் இன்னொன்று.