ஜாபர் பாயும் காரணம் எழுதும் கட்டமும்

கம்பெனி கேட்டில் நிற்பவனை யாருக்கும் பிடிக்காது; அடுத்தவர் பைக்குள் கையை விடுவதுதான் அவன் உத்தியோகம். மாநில எல்லையை ஒட்டிய மூக்கண்டப்பள்ளி பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பதினாலு வருஷமாக ராத்திரி செக்யூரிட்டி நான். பத்தாவது பெயில். கேட்டுக்கு வரும் பழைய பேப்பரை எழுத்துக்கூட்டிப் படித்தே கன்னடமும் தெலுங்கும் ஒட்டிக்கொண்டது. பகலில் படுத்துத் தூக்கத்துக்காகக் காத்திருக்கும் சக காவல்காரர்களே, நம் கஷ்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஜாபர் பாயைத்தான் உங்களுக்குத் தெரியாது.

பட்டன்

காலை ஆறு மணிக்கு மூன்றாம் ஷிப்ட் வெளியே வரும்போது ஒவ்வொருவரும் கேட்டிலுள்ள பட்டனை அழுத்த வேண்டும். பச்சை எரிந்தால் நேரே பஸ்ஸுக்குப் போகலாம். சிவப்பு எரிந்தால் திரைக்குப் பின்னால் போய்ப் பையையும் டிபன் பாக்ஸையும் திறந்து காட்ட வேண்டும். யாருக்கு எது எரியும் என்று அந்த மெஷினுக்கே தெரியாது. அதனால் யாருக்கும் கோபம் வராது.

டூல் ரூம் ஜாபர் பாய்க்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். சொந்த ஊர் கிருஷ்ணகிரி. தகடு வெட்டும் அச்சு ஒரு தலைமுடி அளவு தேய்ந்திருந்தாலும் விரலால் தடவியே சொல்லிவிடுவார். ஒரு வாரம் தொடர்ந்து நாலு நாள் அவருக்கே சிவப்பு எரிந்தது. எனக்குச் சங்கடமாகப் போயிற்று. அவரோ காலி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டிச் சிரித்தார். "மாதேசா, எங்க வீட்டுக்காரிகூட இந்த டப்பாவை இவ்ளோ அக்கறையா பார்த்ததில்லப்பா."

வாய் வார்த்தை

எங்கோ தூரத்து ஊரில் குண்டு வெடித்தது. டீக்கடை டிவியில் இரண்டு நாள் அதுவே ஓடியது. ரோட்டில் சிதறிக் கிடந்த செருப்புகளைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

மூன்றாம் நாள் எங்கள் செக்யூரிட்டி ஆபீசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பாய்மாருக்கு இனி பட்டன் வேண்டாம், தினமும் நேராகத் திரைக்குப் பின்னால் அனுப்பு என்றார். என் ஷிப்டில் அப்படி இருந்தது ஜாபர் பாய் ஒருவர்தான். "எழுத்துல குடுங்க சார்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யோவ், இதையெல்லாம் எவனாவது எழுதிக் குடுப்பானாய்யா?"

மரியாதை

எல்லார் எதிரிலும் அவரை வரிசையிலிருந்து இழுக்க எனக்கு மனசு வரவில்லை. மரியாதை என்று நினைத்து ஒரு காரியம் செய்தேன். "பாய், எல்லாரும் போகட்டும், கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்று காதோடு சொன்னேன். தினமும் அப்படியே நடந்தது. அவரும் நின்றார். பஸ்ஸுக்குள்ளிருந்து நாற்பது பேர் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் மரமண்டைக்கு ஏறவில்லை.

அப்படி நிறுத்த ஆரம்பித்த ஐந்தாம் நாள், பாயைப் போலீஸ் விசாரிக்கிறதாம் என்று பேச்சு கிளம்பிவிட்டது. ஆறாம் நாள் பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் காலி. வீட்டு ஓனர் வேறு மாடிப்படியில் நிறுத்தி, "ஒண்ணும் பிரச்சினையில்லையே பாய்?" என்று கேட்டாராம். அன்று திரைக்குப் பின்னால் பாய் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். ராஜினாமாக் கடிதம். தேதி மட்டும் போடவில்லை. "வீட்ல பயந்துக்கினு இருக்காங்க. கிருஷ்ணகிரியில மச்சானோட மாங்கா மண்டி இருக்கு, போய் உட்கார்ந்துக்கறேன். என்னா, இத்தினி வருஷம் கத்துக்கினது எதுவும் மாங்காவுக்கு உதவாது."

உங்க ஆளுங்க

அன்று ராத்திரி டீ வாங்க கேன்டீனுக்குப் போயிருந்தேன். டூல் ரூம் ஆட்கள் ஒரே மேஜையில் இருந்தார்கள். அத்திப்பள்ளியிலிருந்து வரும் மஞ்சுநாத், கன்னடக்காரன், மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவன், கேட்டே விட்டான். "பாய், தப்பா நெனைக்காதீங்க. உங்க ஆளுங்க ஏன் இப்படிப் பண்றாங்க?"

எனக்குப் பழசு ஒன்று ஞாபகம் வந்தது. தண்ணீர்ச் சண்டை நடந்த நாட்களில் எல்லைக்கு அந்தப் பக்கம் நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தமிழனா என்று ஒருவன் முறைத்ததற்கு, பெயர் தெரியாதபடி பேட்ஜைத் திருப்பிப் போட்டுக்கொண்டவன் நான். பாய் எதையும் திருப்பிக்கொள்ளவில்லை. டீயை ஊதி ஒரு வாய் குடித்தார். "என் ஆளுங்கன்னா டூல் ரூம்ல எட்டுப் பேருடா. அதுல நீயும் ஒருத்தன். சொல்லு, நீ என்னா பண்ணின?"

மூன்றாவது கட்டம்

விடிந்ததும் பாய் ஓரமாக நிற்க மறுத்துவிட்டார். வரிசையில் நின்றபடியே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "ஒருத்தரைத் தனியா செக் பண்ணினா ரெஜிஸ்டர்ல ஏத்தணும். உங்க ரூலு. ஏத்து மாதேசா. பேரு, நேரம், காரணம்."

அப்படி மூன்று கட்டம் எங்கள் ரெஜிஸ்டரில் உண்டு. நான்தான் இத்தனை நாள் அதைத் தொடவில்லை. அவரோ, வேலைச் சீட்டு இல்லாமல் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாத மனிதர். பெயரை எழுதினேன். ஆறு பத்து என்று எழுதினேன். காரணத்தில் பேனா நின்றுவிட்டது. வரிசையும் நின்றது. பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். பின்னாலிருந்து மஞ்சுநாத் கன்னடத்தில் சொன்னான், "நிதானமா எழுதுங்கண்ணா, பஸ் போனா நடந்து போறோம்." ஒருத்தரும் வரிசையை விட்டு நகரவில்லை. எழுதினேன்: "முஸ்லிம் பெயர். ஆபீசர் வாய்மொழி உத்தரவு."

எட்டு மணிக்கு ஆபீசர் வந்தார். பார்க்காமலே பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போடுகிறவர், அந்த வரியில் பேனாவை மூடிவிட்டார். என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. ஆனால் மறுநாளிலிருந்து எல்லாருக்கும் பட்டன்தான். பாயும் ராஜினாமா கொடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு அவர் கையைப் பிடித்தேன். உதறவில்லை, தட்டிக்கொடுத்தார். "எழுதினது சரிதான் மாதேசா. ஆனா ஒரு வாரம் லேட்டு."

பதினாலு வருஷத்தில் நான் பிடித்த திருடர்கள் மூன்று பேர், மூன்றும் கேன்டீன் ஸ்பூன். கண்ணை மூடினால் எதிரில் வந்து நிற்பதோ, நான் ஓரமாக நிறுத்திய அந்த ஒரு நல்ல மனுஷன்தான்.