குளக்கரையில் ஐந்து சோடிச் சப்பாத்து

எனக்கு எண்பத்தெட்டு வயசு. வளர்த்தது ஐந்து பிள்ளைகள். பெற்றது மூன்று, மற்ற இரண்டும் பின்னாளில் ஊரிலிருந்து வந்து சேர்ந்த தங்கச்சியின் பிள்ளைகள். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அவசரமில்லை, நீங்களும் ஆறுதலாய் வாசியுங்கோ.

எழுபதுகளில் ஒரு ஆகஸ்ட் மாதம். இங்கே அது குளிர்காலம், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. அப்போது சிட்னியில் டூங்கபிப் பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். விடுமுறைக்கு வெள்ளைக்காரர் குடும்பமாய் மலை நடக்கப் போவார்கள் என்று இவருக்கு, அதுதான் என் மனுசனுக்கு, வேலையிடத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். உடனே வீட்டில் எல்லோருக்கும் தடித்த தோல் சப்பாத்து வாங்கி வந்துவிட்டார். நீலமலைக்குப் போகிற வழியில் ஒரு சின்னக் குன்று. மரம் குறைவு, முழுக்கப் புல், ஆடு மேய்கிற இடம். அங்கே போவதாய் ஏற்பாடு.

எனக்கோ வேறு கணக்கு. சின்னவன் கைக்குழந்தையாய் நெஞ்சுச்சளியில் கிடந்தபோது, இவன் எழும்பி நடந்தால் வெறுங்காலோடு மலையேறிக் கும்பிடுகிறேன் என்று முருகனுக்கு நேர்ந்திருந்தேன். அவன் எழும்பி, நடந்து, ஓடி, பக்கத்து வீட்டு யன்னல் கண்ணாடியும் உடைத்துவிட்டான். நேர்த்தி மட்டும் அப்படியே கிடந்தது. அந்த நாளில் இங்கே முருகனுக்குக் கோயில் ஏது? ஊரிலோ நல்லூர்த் திருவிழா நடக்கிற நேரம். குன்றிருக்கிற இடமெல்லாம் குமரன் இருப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்?

அடிவாரத்தில் ஆடுகள் தண்ணீர் குடிக்க வெட்டின குளம் ஒன்று. அதற்குக் கொஞ்சம் தள்ளிக் காரை விட்டு இறங்கினோம். "எல்லாரும் சப்பாத்தைக் கழட்டுங்கோ" என்றேன்.

"உமக்கென்ன விசரோ?" என்றார் இவர். "புதுச் சப்பாத்து. இது ஆரோ வெள்ளைக்காரன்ர ஆட்டு மலை."

"முருகனுக்கு இஞ்ச வர விசா வேணுமோ?"

"நேர்ந்தது நீர். நீர் கழட்டும்."

"சாமியிட்டப் போகேக்க ஒராள் சப்பாத்தோட, ஒராள் வெறுங்காலோடயோ? நல்ல குடும்பம்!"

கழற்றினார்கள். நான் அவற்றைக் குளக்கரையில், கோயில் வாசலில் வைப்பதுபோல, பெரியதிலிருந்து சின்னது வரை வரிசையாய், காலுறைகளை மடித்து உள்ளே வைத்து, மூக்கெல்லாம் தண்ணீரைப் பார்க்கிறபடி வைத்தேன். எனக்கு எதையும் ஒழுங்காய்ச் செய்தால்தான் மனம் ஆறும்.

புல் ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது. சின்னவன் புதுசாய் விழுந்த ஆட்டுப்புழுக்கை சூடாயிருக்கிறதென்று கண்டுபிடித்து, குவியல் குவியலாய்த் தேடி மிதித்துக்கொண்டு வந்தான். உச்சியில் யாரோ கல்லடுக்கி வைத்திருந்தார்கள். எனக்கு அது போதும். இவர் கோட்டை விரித்துக் காற்றை மறைக்க, கற்பூரம் கொளுத்தினேன். முணுமுணுத்தபடியென்றாலும் அவரும் கும்பிட்டார்.

கண்ணைத் திறந்தால் மலையைக் காணவில்லை. மூடுபனி அப்படி இறங்கிவிட்டது. "எனக்கு வழி தெரியும், என்னோட வாங்கோ" என்று இவர் முன்னால் நடந்தார். நடந்து நடந்து அதே கல்லடுக்குக்கே வந்து நின்றோம். இரண்டாம் தரமும் அப்படியே. பிள்ளைகளின் கால்கள் நீலம் பாரித்துவிட்டன. இவருடைய கையுறையைச் சின்னவன் காலில் மாட்டினோம். அவன் வாத்து மாதிரி நடந்தான். நடுவிலாள் சிரித்தான், பிறகு அழுதான். மூத்தவள், பத்து வயசுக்காரி, "அம்மா, உங்கட முருகனிட்ட வழி கேளுங்கோ" என்றாள். நக்கல்தான். எனக்கோ அப்போது வேறு நினைப்பு. பிள்ளையின் உயிருக்கு நேர்ந்த நேர்த்தி, பிள்ளையையே எடுத்துவிடுமோ? தொண்டை கிழிய "முருகா!" என்று கத்தினேன். விடாமல் கத்தினேன்.

கீழே ஒரு நாய் குரைத்தது. பனிக்குள்ளிருந்து நாயும், அதன் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு கிழவரும் வந்தார்கள். அந்த மலையும் ஆடுகளும் அவருடையவை. எங்களைக் கண்டதும் ஒவ்வொருவராய் எண்ணினார். அவர் கையில் சின்னவனுடைய ஒற்றைச் சப்பாத்து. அதை இறுக்கிப் பிடித்தபடியே அவ்வளவு தூரமும் ஏறி வந்திருக்கிறார். முழங்காலிட்டு, சின்னவன் காலிலிருந்த கையுறையைக் கழற்றி, சப்பாத்தை அவன் காலில் மாட்டிவிட்டார். சப்பாத்துக் கயிற்றை அவரால் கட்ட முடியவில்லை, கை அப்படி நடுங்கியது.

ஏனென்று கீழே வந்த பிறகுதான் விளங்கியது. அக்கம்பக்கத்து ஆம்பிளைகள் இடுப்பளவு தண்ணீரில், அந்தக் குளிரில், நீட்டுத் தடிகளால் குளத்தைக் குத்திக் குத்தித் தேடிக்கொண்டிருந்தார்கள். எங்களைத்தான்! கரையில் சப்பாத்து வரிசையைக் கண்டு, குடும்பமாய்க் குளத்தில் விழுந்துவிட்டோம் என்று நினைத்திருக்கிறார்கள். அவர்கள் எங்களைப் பார்க்க, நாங்கள் அவர்களைப் பார்த்தோம். இவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

ஏன் கழற்றினீர்கள் என்று கிழவர் கேட்டார். மேலே சாமி இருக்கிறார் என்று அம்மா சொல்லுறா என்று மூத்தவள் இங்கிலீசில் சொன்னாள். அவர் யோசித்தார். "நான் காலம் முழுக்கச் சப்பாத்தோடதான் ஏறுறன். உங்கட சாமி ஒருநாளும் ஒண்டும் சொல்லேல்லையே" என்றாராம்.

"அவர் பொறுமைசாலி எண்டு சொல்லு, பிள்ளை" என்றேன்.

அவள் சொன்னாள். அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் தண்ணீருக்குள் நின்றவர்களும் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். பிறகு எல்லோரும் அவர் வீட்டு அடுப்படியில் தேத்தண்ணி குடித்துக் குளிர் காய்ந்தோம்.

என் விசரால் ஒரு குடும்பம் அழியப் பார்த்தது என்பது இவருடைய கட்சி. சப்பாத்தோடு ஏறியிருந்தால் எங்களை யார் தேடி வந்திருப்பார்கள் என்பது என் கட்சி. அவர் கண்ணை மூடும்வரை அந்த வழக்குத் தீரவில்லை. இப்போது சிட்னியில் முருகனுக்குக் கோயில் இருக்கிறது. வாசலில் சின்னப் பிள்ளைகளின் சப்பாத்தைக் காணும்போதெல்லாம், முன்பின் தெரியாத என் பிள்ளைக்காகக் கை நடுங்கிய அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

சரி பிள்ளை, நீ மூத்தவளின் மகள்தானே, இதை எனக்கு ஒருக்கா வாசித்துக் காட்டு. உன்ர அம்மப்பாவின் பக்கம் ஒரு சொல்லும் கூட்டி வாசிக்கக்கூடாது.