அண்ணன் தம் காலைத் தொட்டுப் பார்த்த நாள்

அண்ணன் நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. ஆண்டுத் திதிச் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கும் இந்த நினைவு மலருக்கு எழுதும்படி அண்ணி என்னிடம் சொன்னபோது ஒரு நிபந்தனையும் போட்டார். "உங்க அண்ணன் நல்லவரு, தங்கமானவருன்னு மட்டும் எழுதி வெச்சிடாதம்மா. யாரையும் நம்பமாட்டாருன்னும் எழுது. இல்லாட்டி படிக்கிறவங்க இது வேற யாரோன்னு நெனச்சுக்குவாங்க." அவர் சொன்னது சரிதான். அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

அண்ணன் கெப்பாலா பத்தாஸ் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா இறந்தார். காய்ச்சல் என்றது நிர்வாகம். லயத்து வீடுகளில் குடியிருந்த ஆட்கள் வேறு மாதிரிச் சொன்னார்கள். எது உண்மை என்று அண்ணனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அம்மாவும் போன பிறகு, என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறினார். பினாங்கில் ஒரு கடையில் எடுபிடியாக இருந்துகொண்டே இங்கிலீஷ் படித்து, துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி ஆனார். என்னைப் படிக்கவைத்து ஆசிரியை ஆக்கினார். ஆனால் யார் எதைச் சொன்னாலும், "இவன் ஏன் இதைச் சொல்றான்?" என்றுதான் முதலில் யோசிப்பார்.

ஜப்பான் சண்டை வருவதற்கு முன்பே ஒரு டாக்டர் அவருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருப்பதாகச் சொல்லியிருந்தார். அண்ணன் சிரித்துவிட்டு வந்துவிட்டார். "டாக்டர்னா ஏதாவது சொல்லத்தான்லா செய்வாரு. மருந்து விக்கணும்ல?" வீட்டில் குளிக்கும் இடத்தில், அவர் சிறுநீர் கழித்த மூலையில் எறும்பு மொய்ப்பதை அண்ணி காட்டினார். அதற்கும் ஏதோ ஒரு காரணம் சொன்னார்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். அரிசி கிடைப்பது அரிதாகி மரவள்ளிக் கிழங்கே சோறானது. யார் யாரைக் காட்டிக்கொடுப்பார்கள் என்று தெரியாத காலம். ஊரே அண்ணனைப் போல ஆகிவிட்டது என்று அண்ணி சொல்வார்.

அப்போதுதான் அண்ணனுக்கு நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கத் தொடங்கியது. கொஞ்ச தூரம் நடப்பார், வலி தாங்காது, நிற்பார். நின்றால் வலி போய்விடும். மறுபடி நடப்பார். வலியை வெளியே காட்டிக்கொள்ளப் பிடிக்காமல், கடையில் எதையோ பார்ப்பதுபோல் நிற்பது வழக்கம். அவருடைய போதாத காலம், துறைமுகத்துக்குப் போகிற வழியில் வலி பிடிக்கிற இடம் சிப்பாய்களின் காவல் சாவடிக்கு எதிரே இருந்தது. தினமும் வந்து குனிந்து வணங்கிவிட்டு, நாலடி வைத்து, அங்கேயே நின்று அங்குமிங்கும் பார்க்கிற ஒருவரைக் காவல்காரன் என்னவென்று நினைப்பான்? ஒருநாள் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனான். "காக்கி சாக்கிட், துவான், காக்கி சாக்கிட்" என்று, கால் வலிக்கிறது என்பதை அண்ணன் மலாயில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். காலில் காயம் ஒன்றுமில்லையே, யார் நம்புவார்கள்? கன்னம் வீங்கி, உதடு கிழிந்து வீடு வந்து சேர்ந்தார். அடித்தவனைப் பற்றி அவர் பேசவே இல்லை. "நான் அங்க நிக்கிறேன்னு எவனோ சொல்லிக்கொடுத்திருக்கான்" என்பதையே சொல்லிக்கொண்டிருந்தார். அதன்பின் சுற்றுவழியில் போனார். அது இன்னும் நீளம். இன்னும் பல இடங்களில் நிற்கவேண்டியிருந்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு காலை, பின்கட்டில் அண்ணன் நின்று பக்கத்து வீட்டு அக்காவிடம் தண்ணீர்க் குழாயைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அடுப்பிலிருந்து விழுந்த கரித்துண்டு ஒன்று தரையில் கனன்றுகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. தோல் கருகும் வாடை வந்ததும் அந்த அக்காதான் அலறினார். "அண்ணே! கால்! கால எடுங்க!" அண்ணன் குனிந்து பார்த்தார். நெருப்பை மிதித்துக்கொண்டு நின்றவர் முகத்தில் வலி இல்லை, குழப்பம்தான் இருந்தது. அக்கா பின்னால் நகர்ந்து போனதை நானும் அண்ணியும் பார்த்தோம்.

புண் ஆறவில்லை. விரல் முதலில் நீலமாகி, பிறகு கறுத்தது. உணர்ச்சியில்லாத கால், ஆறாத புண் என்றால் ஊரில் எதை நினைப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. குழாயடியில் பெண்கள் எங்கள் வாளியைத் தொடாமல் காலால் தள்ளினார்கள். குஷ்டத்தைப் பெயர் சொல்லாமல், 'பெரிய வியாதி' என்று முணுமுணுத்தார்கள். அந்த நோயாளிகளை ஜெரஜாக் தீவுக்குக் கொண்டுபோவார்கள். போனவர்களைத் திரும்பக் காண்பது அரிது. அண்ணன் காலுக்குத் துணி சுற்றி, சப்பாத்துக்குள் மறைத்து வேலைக்குப் போனார்.

ஒருநாள் சுகாதாரப் பகுதி ஆள் ஒருவர் வாசலில் வந்து நின்றார். "இங்க கால் புண்ணுக்காரர் ஒருத்தர் இருக்காராமே?"

"யாரு சொன்னது?" என்றார் அண்ணன்.

"அது எதுக்கு உங்களுக்கு? சப்பாத்தக் கழட்டுங்க."

"யாரு சொன்னதுன்னு சொல்லுங்க, கழட்டுறேன்."

அந்த ஆள் சொல்லவில்லை. அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். நானும் அண்ணியும் பின்னாலேயே ஓடினோம்.

அங்கே இருந்த தமிழ் டாக்டர் அதிகம் பேசாதவர். உடம்பில் தேமல் இருக்கிறதா என்று தேடினார், முழங்கையை அழுத்திப் பார்த்தார், சோதனைக்குத் தோலில் கீறி எடுத்தார். சிறுநீரை நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சினார்கள். அது செங்கல் நிறமாக மாறியது. பிறகு டாக்டர் அண்ணனின் பாதத்தின் மேல் விரல் வைத்து வெகுநேரம் இருந்தார். தோல் சோதனையின் முடிவும் வந்த பின் அண்ணனிடம் சொன்னார்: "பெரிய வியாதி இல்லீங்க. இனிப்பு நீர். பல வருஷமா ரத்தத்துல இனிப்பு ஏறி, ரத்தக் குழாய் உள்பக்கம் தடிச்சுச் சுருங்கிப்போச்சு. நடந்தா வலிச்சதும் அதனாலதான். நரம்புக்குப் போற சின்னக் குழாயும் கெட்டதாலதான் நெருப்பு சுடல. விரலுக்கு ரத்தமே போகல, செத்துப்போச்சு. முழங்காலுக்குக் கீழ எடுக்கணும். விட்டா மேல ஏறும், உயிருக்கே ஆபத்து."

அண்ணன் மறுத்தார். எங்களை அருகில் அழைத்து, "இவனும் அந்த சுகாதாரப் பகுதிக்காரங்க ஆளுதான். நொண்டியாக்கிட்டா தீவுக்கு அனுப்புறது சுலபம்" என்றார். டாக்டர் காதில் அது விழுந்துவிட்டது. ஆனால் அவர் கோபப்படவில்லை. அண்ணியை எதிர்க் கட்டிலில் உட்காரச் சொன்னார்.

"என்னை நம்பவேணாம். உங்க கையை நம்புவீங்களா? இந்தம்மா பாதத்துல, இந்த இடத்துல விரலை வைங்க."

வார்டில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டார். "வேணாங்க. நீங்க போயி என் கால..."

"காட்டு" என்றார் அண்ணன்.

மனைவியின் பாதத்தில் விரல் வைத்துக் காத்திருந்தார். "துடிக்குது" என்றார். பிறகு தம் காலில் அதே இடத்தைத் தொட்டார். இல்லை. விரலை நகர்த்தினார். மேலே, கீழே, கணுக்காலுக்குப் பின்னால். மறுபடி அண்ணி காலைத் தொட்டுச் சரிபார்த்தார். மறுபடி தம் காலில் தேடினார். அவர் தேடிக்கொண்டே இருந்ததைப் பார்க்க முடியாமல் நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எடுத்துடுங்க" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

மருந்துக்கே பஞ்சமான அந்த நாளில் அண்ணன் பிழைத்தது பெரிய காரியம். சண்டை முடிந்த பின் கட்டைக் காலோடு அதே துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை இருந்தார். இரண்டு பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். கிழங்கைத் தொடவே இல்லை. நம் உறவில் யாருக்கு இனிப்பு நீர் என்று கேள்விப்பட்டாலும், வீடு தேடிப் போய், "காலைக் காட்டு" என்பார். "ஒண்ணுமில்லண்ணே" என்றால் நம்பமாட்டார். சப்பாத்தைக் கழற்றி, விரல் இடுக்கெல்லாம் பார்த்து, துடிப்பைத் தொட்டுப் பார்த்த பிறகே தேநீர் குடிப்பார். அவர் கையில் பாதத்தைக் கொடுத்தவர்கள் இன்று இங்கே பலர் இருக்கிறீர்கள்.

டாக்டர் அன்றே எச்சரித்ததுபோல் நோய் மற்ற ரத்தக் குழாய்களையும் விடவில்லை. கடைசி ஆண்டுகளில் பார்வை மங்கியது. பிறகு இருதயம். ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அன்று சுகாதாரப் பகுதிக்குச் சொன்னது யார் என்ற கேள்வியை மட்டும் அவர் விடவே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா என்றே நம்பி, அவரோடு பேசாமலே இருந்துவிட்டார். சில சமயம் வேலையிடத்து நண்பர் ஒருவரைச் சொல்வார். அண்ணன் இறந்த அன்று அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொல்லலம்மா, சத்தியமா நான் சொல்லல" என்று அழுதார். நான் தலையாட்டினேன். நம்பினேனா என்று எனக்கே தெரியவில்லை. நானும் அண்ணனின் தங்கைதானே.

அண்ணனைக் கவனித்த டாக்டருக்கும், புண்ணுக்குக் கட்டுப் போட்ட டிரெஸர்களுக்கும், அவர் காலாகவே வாழ்ந்த அண்ணிக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த உறவினர் நண்பர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்லவேண்டும். நல்லெண்ணத்தில் சொன்னாரோ, பயத்தில் சொன்னாரோ, எங்களைத் தொலைக்கத்தான் சொன்னாரோ, அது தெரியாது. அவர் சொல்லியிருக்காவிட்டால் அண்ணன் அந்தக் காலைச் சப்பாத்துக்குள் மறைத்துக்கொண்டே அந்த வருஷமே போயிருப்பார். இன்று இந்த மலரைக் கையில் வாங்கியவர்களில் அவரும் இருக்கலாம். இருந்தால், சாப்பிடாமல் போய்விடாதீர்கள். யார் என்று நான் கேட்கமாட்டேன்.