எந்தக்கா

இழுப்பறையைத் திறந்து ஒரு சுருள்கம்பியை எடுத்து, இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து அமுக்கிப் பார்க்கிறார். "நீதான்" என்று அதனிடம் சொல்லிவிட்டுக் கணினியில் தட்டுகிறார். 'ஸ்பிரிங்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஊற்று, வசந்தம், துள்ளல் என்று பல பொருள்கள் உண்டு. தையல் இயந்திரத்துக்குள் வசந்தம் வராது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் பொருளைத் தொட்டுப் பார்க்காமல் சொல்லைத் தொடமாட்டார்.

இயந்திரங்களோடு வரும் செய்முறைத் தாள்களைத் தமிழாக்குவது அவர் வேலை. என் மேசைக்கு எதிர் மேசை. எதைக் கேட்டாலும் "எந்த?" என்று திருப்பிக் கேட்பதால் அலுவலகத்தில் எல்லோருக்கும் எந்தக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, இதற்குத் திரும்புகிறார். இழுப்பறையில் அரம், ரப்பர் வளையம், பிளக், நட்டு என்று ஒரு குட்டிக் கடையே இருக்கிறது. சாப்பாட்டு டப்பாவும் அதற்குள்தான். ஒருநாள் சோற்றுக்குள் ஒரு நட்டு அகப்பட்டது. கழுவி அதன் இடத்தில் வைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டார்.

கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார் என்பதால் அவர் வீட்டு விவகாரமும் எங்களுக்குத் தெரியும். பில் வந்திருப்பதாகக் கணவர் சொன்னார்.

"எந்த பில்? கட்டுறதா, பறவை மூக்கா?"

"மூக்குதான். உனக்குன்னே அளவெடுத்து அனுப்பியிருக்காங்க."

போன வாரம் சக்கர நாற்காலித் தாள் வந்தது. முந்தைய தாள்கள் இரண்டும் தாமதமானவை. இதுவும் தாமதமானால் வேலை எதிர்க் கட்டிட அலுவலகத்துக்குப் போய்விடும் என்றார் மேலாளர். வயதில் எந்தக்காவுக்கு இளையவர். "அப்புறம் உங்க சீட்டுக்கு நான் பொறுப்பில்லக்கா" என்றும் சொன்னார். எந்தக்கா வாயைத் திறந்தார். அந்த ஒருமுறை, கேட்காமலே மூடிக்கொண்டார்.

நாற்காலியை வரவழைத்து, அதன் எதிரே குந்தி, ஒவ்வொரு பாகமாகத் தடவித் தடவி எழுதினார். மாலையில் தாள் அச்சகத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன் அவர் வழக்கமாக வைக்கும் பரீட்சை ஒன்று உண்டு. ஆங்கிலம் அறியாத ஒருவர் தமிழைப் படிக்க, காதில் விழுந்ததை மட்டும் எந்தக்கா செய்வார். அன்று படித்தவர், நாற்காலியை ஏற்றி வந்த வேன் ஓட்டுநர்.

"இறங்குவதற்கு முன், வலப்பக்க லிவரை மேலே இழுத்துச் சக்கரத்தை நிறுத்தவும்."

நாற்காலியில் உட்கார்ந்திருந்த எந்தக்கா வலக்கையால் இழுத்தார். சக்கரம் நிற்கவில்லை, கைப்பிடி கழன்று தரையில் விழுந்தது. அதன்மேல் சாய்ந்திருந்த அவரும் சரிந்தார். ஓட்டுநர் தோளைப் பிடித்திராவிட்டால் தலையில் அடிபட்டிருக்கும்.

ஆங்கிலத்தில் பக்கவாட்டு லிவர் என்று மட்டும்தான் இருந்தது. எந்தப் பக்கம் என்று படிப்பவர் திண்டாடக் கூடாதே என்று 'வல' என்பதை இவரே சேர்த்திருந்தார். சக்கரத்தை நிறுத்தும் லிவர் எதிரே குந்தியிருந்தவருக்கு வலம், உட்கார்ந்திருப்பவருக்கு இடம். உட்கார்ந்திருப்பவரின் வலப்பக்கம் இருந்தது கைப்பிடியைக் கழற்றும் லிவர். தாள் நெடுக இப்படியே வலமும் இடமும் சேர்த்து வைத்திருந்தார்.

மேலாளர் தன் அறையில், தாள் இதோ வருகிறது என்று அச்சகத்தாரிடம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். ஓட்டுநர் குரலைத் தாழ்த்தினார்.

"இந்த ஒரு இடத்த மட்டும் மாத்தி அனுப்பிடுங்கக்கா. மீதி யாருக்குத் தெரியப்போகுது?"

"விழுறவங்களுக்குத் தெரியும்."

நேராக மேலாளர் அறைக்குப் போனார். "தப்பு என்னோடது தம்பி. தாள் இன்னைக்குப் போகாது."

மேலாளர் தொலைபேசியைக் கையால் பொத்தினார். "எந்தத் தப்பு?"

இங்கே வந்து பாருங்கள் என்று அழைத்துவந்து காட்டினார். மேலாளர் கைப்பிடியைக் குனிந்து எடுத்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதைக் கக்கத்தில் இடுக்கியபடியே உள்ளே போய், நாளைக் காலை என்று அச்சகத்தாரிடம் சொன்னார். சீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எந்தக்காவும் கேட்கவில்லை.

ஓட்டுநரை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவருக்கு முன்னால் போய், முதுகைக் காட்டி, அவர் பார்க்கும் திசையிலேயே தானும் நின்றுகொண்டார். பிறகு, சாப்பிடும் கையை மெல்லத் தூக்கி அதையே பார்த்தார்.