துக்கம் விசாரிக்க வந்தவர்கள் சரிபார்த்த வெப்சைட்

கள்ளக்குறிச்சியில் ஒரு பிளக்ஸ் கடையில் ஆறு வருஷம் டிசைனராக இருந்தேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று இந்தப் பக்கத்துச் சாலையோரங்களில் நிற்கும் முகங்களில் பாதியை நான்தான் வெட்டி ஒட்டியிருப்பேன். நரைத்த மீசையைக் கருப்பாக்குவதும், விசேஷத்துக்கு வராத மாமனைப் படத்தில் கொண்டுவந்து நிறுத்துவதும் எனக்கு அலுத்துப் போயிருந்தன. அப்போது சென்னையில் மளிகைச் சாமான் பாக்கெட்டுகளை வடிவமைக்கும் ஒரு கம்பெனியில் ஆள் எடுப்பதாகத் தெரிந்தது. விண்ணப்பித்தேன். போர்ட்ஃபோலியோ வெப்சைட் இருந்தால் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் லிங்க் அனுப்புங்கள் என்றார்கள். அந்த வேலை எனக்கு வேண்டும். வாழ்க்கையில் வேறு எதற்கும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

வெப்சைட் செய்யப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், பில்டர் என்று ரெடிமேட் சைட் இருக்கிறது, படத்தையும் எழுத்தையும் இழுத்து இழுத்து வைத்தால் போதும் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். அப்படி எத்தனை பில்டர் இருக்கிறது என்று அந்த மனுஷன் சொல்லவில்லை. எங்கள் ஊர் கச்சிராயபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் கடைக்குப் போக வர நான்கு நாள் இதே ஆராய்ச்சி. கடைசியில் மூன்று தேறின.

முதலாவது இலவசம். ஆனால் என் பெயருக்கு மேலே தன் விளம்பரத்தைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டது. இரண்டாவதில் எதை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், தமிழும் ஒழுங்காக வந்தது. ஆனால் கம்ப்யூட்டரில் நேராக நின்றதெல்லாம் போனில் திறந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டது, அதுவும் ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு விதமாக. மூன்றாவதைப் பார்த்ததும் விழுந்துவிட்டேன். பக்கம் முழுக்க வெள்ளை, நடுவில் சின்னதாக ஒரு படம், அவ்வளவுதான். எங்கள் கடையில் இப்படி இடம் விட்டால், "இவ்ளோ எடம் சும்மா கெடக்குதே, எங்க மச்சானுங்க ரெண்டு பேரப் போடலாமே" என்பார்கள். அதில் ஒரே குறை, தமிழ் போட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நின்றது. பார்க்கப்போவது சென்னைக்காரர்கள்தானே என்று எல்லாவற்றையும் இங்கிலீஷிலேயே எழுதினேன். தமிழ் பேனர்களை ஒதுக்கிவிட்டு, யாருக்கோ எப்போதோ செய்துகொடுத்த நான்கு இங்கிலீஷ் லோகோக்களை வைத்தேன்.

முகப்பில் என் படம். அந்த டெம்ப்ளேட்டில் படம் கருப்பு வெள்ளையில்தான் வரும். எங்கோ தூரத்தைப் பார்த்து லேசாகச் சிரிக்கிறேன். கீழே பெயர். அதற்குக் கீழே வேலை அனுபவம்: கடையில் சேர்ந்த வருஷம், ஒரு கோடு, இந்த வருஷம். எனக்கே என்மேல் மரியாதை வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, அப்பாவுக்கும் ஒன்று தட்டிவிட்டேன்.

அப்பா கரும்பு விவசாயி, இங்கிலீஷ் வராது. சனிக்கிழமை விடியலில் பெருமை தாங்காமல் அந்த லிங்கை அப்படியே சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டார். மேலே ஒரு வார்த்தை எழுதவில்லை. போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார்.

குரூப்பில் லிங்க் போட்டால் முகப்புப் படம்தான் பெரிதாகத் தெரியும். கருப்பு வெள்ளையில் முகம், பெயர், வருஷம், கோடு, வருஷம். எங்கள் ஊரில் இதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த அர்த்தத்தை ஊருக்குப் பழக்கியதில் என் ஆறு வருஷ உழைப்பும் இருக்கிறது. அந்த வருஷங்களின்படி பார்த்தால் நான் ஆறு வயதில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், அதை ஒருத்தரும் யோசிக்கவில்லை. சாவுச் சேதி வந்த வீட்டுக்குப் போன் போட்டு "நெஜமா?" என்று கேட்பதும் எங்கள் சொந்தத்தில் வழக்கமில்லை. கிளம்பி வந்துவிட வேண்டும்.

காலை ஒன்பது மணிக்குத் திருக்கோவிலூர் பெரியம்மா தெருமுனையிலேயே ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார். வாசலுக்கு ஓடிய அம்மா, பெரியப்பாவுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். இரண்டு பேரும் ஐந்து நிமிஷம் மனம்விட்டு அழுதார்கள். பின்னாலேயே பெரியப்பா மாலையோடு வந்தார். அம்மா அழுகையை நிறுத்தி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப போனது யாருக்கா?" என்றாள்.

நான் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு குளியலறையிலிருந்து வந்தேன். பெரியம்மா என் முதுகில் ஓங்கி இரண்டு வைத்துவிட்டு அப்புறம்தான் கட்டிக்கொண்டார். "அடிப்பாவி! பஸ்ஸு பூரா அழுதுகினு வந்தேன்டி. ஜனமே திரும்பிப் பாத்துது!"

பதினோரு மணிக்குள் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். வயலிலிருந்து அப்பாவை அழைத்து வந்து நடுவில் நிறுத்தினார்கள். "நான் ஒண்ணுமே சொல்லலியே அண்ணி" என்றார் அப்பா.

"அதாம்பா தப்பு. ஒண்ணுமே சொல்லாம போட்ட பாரு!" என்றார் பெரியம்மா.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். "சைட் பார்த்தேன்மா, அழகா இருக்கு. ஆனா எங்க பாக்கெட்ல தமிழ் எழுத்துதான் பெருசா வரும். அதுக்குத்தான் ஆள் தேடுறோம். உங்க சைட்ல ஒரு தமிழ் எழுத்துகூட இல்லையே? அஞ்சு மணிக்குள்ள மாத்தி அனுப்புங்க, பார்க்கலாம்."

ஆறு வருஷமாக நான் செய்ததே தமிழ் எழுத்து ஒன்றுதான். அதைத்தான் அழகாக இருக்க வேண்டும் என்று ஒளித்து வைத்திருக்கிறேன். என் புத்தியை எதால் அடிக்க?

இனி தமிழ் ஒழுங்காக வரும் இரண்டாவது பில்டர்தான் கதி. போனுக்குப் போன் மாறும் அதன் நோயை எப்படிச் சரிசெய்வது என்று நிமிர்ந்து பார்த்தேன். கூடத்தில் பன்னிரண்டு பேர். ஒருத்தர் போன் மாதிரி இன்னொருத்தருடையது இல்லை. "எல்லாரும் போன எடுங்க" என்றேன்.

டீயைக் குடித்துவிட்டு வேலையில் இறங்கினார்கள். மாற்ற மாற்ற லிங்கைத் திறந்து பார்த்து ஆளாளுக்குக் கத்தினார்கள். "உன் மூக்கு மேல காதுகுத்து பத்திரிகை ஒக்காந்துகினு கீது." "எனக்குத் தலையே இல்ல பாப்பா." பெரியப்பா தனக்கு ஒன்றுமே வரவில்லை என்று அரை மணி நேரம் சொன்னார். அவர் நெட்டை ஆன் செய்யவில்லை. பெரியம்மா, தன் மகளின் மஞ்சள் நீராட்டு பேனர்தான் முதலில் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

"இது இன்னா உங்க வூட்டு ஆல்பமா பெரியம்மா?" என்று கத்தினேன். கத்திவிட்டுப் பார்த்தால், நான் வரைந்ததிலேயே நல்ல எழுத்து அந்த பேனரில்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டு அதையே முதலில் வைத்தேன்.

நாலே முக்காலுக்குப் பன்னிரண்டு போனிலும் எல்லாம் சரியாக வந்தது. அனுப்பினேன். யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

ஆறு மணிக்கு அந்தக் கம்பெனி அம்மா மறுபடி கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போடச் சொல்லி எல்லோரும் சைகை காட்டினார்கள். "மேல இருக்கிற மஞ்சள் நீராட்டு எழுத்து நீங்க கையால வரைஞ்சதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஒண்ணாம் தேதி வந்து சேர்ந்துடுங்க" என்றார்.

கூடமே கைதட்டியது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பெரியம்மா மட்டும் கைதட்டாமல் போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"இன்னா பெரியம்மா, சந்தோஷமில்லியா?"

"நெஜமாவே போயிடுவியாடி?" என்றார். "காலைலேருந்து ஆளுக்கொரு போன வெச்சிகினு, நாங்களே ஒக்காந்து உன்ன ஊர வுட்டு அனுப்பிச்சிட்டமே."

அவர் அழ ஆரம்பித்தார். காலையில் கேட்ட அழுகை இல்லை இது, சத்தமே வரவில்லை. அந்த வேலைக்காக அத்தனை நாள் தவித்தவள், அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, கம்பெனியைக் கூப்பிட்டு நான் வரவில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே யோசித்தேன்.